சுவருக்கு வெளியே ஒரு பள்ளம்

இதில் எவ்வளவு எனக்கு உண்மையில் நினைவிருக்கிறது, எவ்வளவு நான் வரைந்த படங்களிலிருந்து வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தை அத்தனை முறை வரைந்திருக்கிறேன். கண்ணை மூடினால் மணல் வருவதில்லை, தாளில் பென்சிலால் போட்ட கோடுகள்தான் வருகின்றன. தென்னந்தோப்பின் கல்மதில் முழங்கால் உயரம் என்று நான் சொல்வேன். அம்மா இடுப்பு உயரம் என்பாள். அவள் அங்கே தினமும் நின்றவள் என்பதால் அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். பேசியவர்களின் வார்த்தைகளும் இதே வரிசையில்தான் வந்தனவா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது. ஊரின் மேற்குக் கோடியில் சுற்றுச்சுவர் கட்டிய ஒரு மணல்திடல் உண்டு. சுனாமிக் கல்லறை என்று சொல்வோம். என் தம்பி சிஜோ அதில் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். சுனாமி வந்தபோது அவன் நாலாம் வகுப்பு. நான் பிளஸ் டூ. கால் முறிந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடக்கத்தை நான் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. சிஜோவைத் தூக்கிக்கொண்டு லாரிவரை போனார், அதற்குமேல் யாரையும் விடவில்லை. நோய் பரவும் என்றார்கள். முகத்தில் துணி கட்டிய வெளியூர்ப் பையன்கள் சிலரும் ஒரு ஜேசிபி இயந்திரமும்தான் அந்த வேலையைச் செய்தார்கள். மேலே ஒரு தென்னங்கட்டைச் சிலுவை நட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனி மாதத்துக் கடலேற்றத்தில் அந்தச் சிலுவை சாய்ந்து இழுபட்டுப் போனது. ஊர்ப் பையன்கள் எடுத்து மறுபடி நட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து சிலுவையை நடுவில் வைத்துச் சுற்றிலும் சுவர் கட்டிக் கொடுத்தது.

சென்னையில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுநிலை படித்தபோது கடைசி ஆண்டு ஆய்வுக்கு இந்த இடத்தையே எடுத்தேன். கட்டடக்கலையில் இளநிலை முடித்திருந்தேன் என்றாலும், கட்டடங்களைவிட அவற்றுக்கு இடையில் விடப்பட்ட நிலம்தான் எனக்குப் பேசுவதற்கு எளிதாக இருந்தது. நிலம் பதில் கேட்டு நிற்பதில்லை. வீட்டில் இதை விளக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சகாயசெல்வி மாமி வெளிப்படையாகவே கேட்டாள்.

"புல்லு வைக்கியதுக்கும் ஒரு படிப்பா மக்கா? அஞ்சு வருசம் கெட்டிடம் படிச்சா, இப்பம் ரெண்டு வருசம் தோட்டமா?"

"கெட்டிடம் கெட்டத் தெரியாதவியளத்தான் தோட்டத்துக்கு அனுப்புவாவ போல," என்றாள் அம்மா. சிரிக்கவில்லை, ஆனால் மாமி சிரிக்க வேண்டும் என்று சொன்னாள்.

அந்த ஆண்டு நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான் அளவுநாடாவும் தாளுமாகப் போனேன். எங்கள் பக்கம் அன்று ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றும், ஃபாதர் ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். சுனாமிக் கல்லறையில் கழுவக் கல் இல்லை. அதனால் பெண்கள் மணலைக் குவித்து ஆள் நீளத்துக்கு மேடு பிடிப்பார்கள். குழந்தைக்குக் குழந்தை நீளம். சுற்றிலும் சிப்பி பதித்து, தலைமாட்டில் ஓலைச் சிலுவை வைத்து, செவ்வந்தி தூவுவார்கள். ஒரு மாதத்தில் காற்று எல்லாவற்றையும் சமமாக்கிவிடும். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே மேடு.

நான் மேடுகளின் இடங்களைக் குறித்துக்கொண்டே போனேன். சாயங்காலம் தாளை விரித்துப் பார்த்தபோது அந்த ஒழுங்கு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. குளோரி அக்காவின் மகள், அதற்கடுத்து நாங்கள், எதிரே சகாயசெல்வி மாமியின் இரண்டு பிள்ளைகள், மாமிக்கு இடப்பக்கம் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு காலத்தில் பொதுக் கிணறு இருந்தது. கடல் எடுத்துப்போன எங்கள் தெருவை, வீடு வீடாக, பெண்கள் சுவருக்குள் அப்படியே வைத்திருந்தார்கள்.

"இத ஆரு இப்படி பிரிச்சா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஆரு பிரிக்கணும்? மொத வருசம் எங்க வைக்கன்னு ஆருக்கும் தெரியேல. அவனவன் வீட்டுப் பக்கத்துல இருந்தவனுக்கப் பக்கத்துல இருக்கட்டும்னு வச்சோம். இல்லேண்ணா பிள்ளையளு பயப்படாதா?"

மெழுகுதிரிகள் காற்றில் அணைய அணைய அவள் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அதே சமயம் ஃபாதருக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உதவி வந்தது. சுனாமிக் கல்லறையை நினைவிடமாகக் கட்டலாம், வண்டி நிறுத்தத் தளம் போடலாம், கழிப்பறை கட்டலாம் என்றார்கள். "நம்ம பிள்ளையே வரையட்டும், ஆய்வும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு," என்று ஃபாதர் பூசை முடிந்து ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். தளமும் கழிப்பறையும் சுவருக்கு வெளியே, தென்னந்தோப்பு மதிலை ஒட்டி வருவதாக முடிவானது. பெண்கள் நெத்தலி காயப்போடும் இடம் அது. காற்று மணலை வாரி மீன்மேல் இறைக்காத ஒரே இடம் என்பதால் அங்கே வலையை விரித்துக் காயப்போடுவார்கள். அம்மாவும் அங்கேதான் போடுவாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து நிலமட்டம் எடுக்க வந்தேன். மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டெனி துணைக்கு வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், சிவில் டிப்ளமோ முடித்துச் சாலை ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பழைய லெவல் கருவி ஒன்று வைத்திருந்தான். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

"அளவுகோல நேரா பிடி ரெஜிஷா. சப்பரத்துக்கு முன்ன கொடி பிடிக்கிய மாதிரி ஆட்டாத."

மீன் புரட்டிக்கொண்டிருந்த சகாயசெல்வி மாமி நிமிர்ந்தாள். "ஏ மாப்பிள, அந்தக் கொழலுக்குள்ள என்னவாக்கும் தெரியுது?"

"உங்க நெத்தலி தலகீழா தெரியுது மாமி."

"தலகீழா பாத்தாலும் வெல அதுதான், கேட்டியா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் நான் வரைந்ததில்லை, நினைவில் இருப்பது என்று உறுதியாகச் சொல்வேன்.

சம உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதுதான் எங்கள் வேலையின் முதல் படி. வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் தாளை ஒட்டி அதைச் செய்தேன். கடற்கரை மணலில் கோடுகள் அலைந்து திரியும், நேராகப் போகாது. சுவருக்குள்ளேயும் அப்படித்தான் அலைந்தன. ஆனால் சுவருக்கு வெளியே, தோப்பு மதிலை ஒட்டி, கோடுகள் ஒரு நீண்ட செவ்வகமாக மூடிக்கொண்டன. ஒரு முழத்துக்கும் குறைவான ஆழம். நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது. காற்றும் பள்ளம் பறிக்கும், ஆனால் காற்றுக்கு நேர்கோடு போடத் தெரியாது. தோண்டி நிரப்பிய மண் வருஷக்கணக்கில் தாழ்ந்துகொண்டே போகும் என்று முதல் ஆண்டிலேயே படித்திருந்தேன். உள்ளே இருப்பது மண் மட்டும் இல்லையென்றால் இன்னும் தாழும்.

மறுநாள் காலையில் அங்கே போய் நின்றேன். பள்ளத்தின் விளிம்பு நெடுக எருக்கு செழித்திருந்தது. மணலில் படர்ந்து வந்த அடம்பங்கொடி அந்த விளிம்போடு நின்றிருந்தது. நடுவில் வலை விரித்து, நெத்தலி வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா வெறுங்காலோடு அதன் நடுவில் நின்று நாய் விரட்டிக்கொண்டிருந்தாள்.

என் அளவு தப்பாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெனியிடம் மட்டும் தாளைக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஜேசிபி ஓட்டினவர எனக்குத் தெரியும்," என்றான். நாகர்கோவிலில், வடசேரி தாண்டி ஒரு பட்டறையில் அவரைச் சந்தித்தோம். வைகுண்டராஜன் என்று பெயர். நெற்றியில் நாமம் இட்டிருந்தார். முதலில் நினைவில்லை என்றார். எல்லாப் பக்கமும் ஒரே மணலாக இருந்தது, அடையாளம் ஒன்றும் நிற்கவில்லை என்றார். பிறகு தானாகவே பேசினார்.

"ஒண்ணு மட்டும் தெரியும். எனக்க வண்டிச் சக்கரம் ஒரு கல்மதில்ல ரெண்டு தடவ இடிச்சு. தோட்டத்து மதிலு. மதில ஒட்டியே ஓட்டிப் பறிச்சேன், நேரா போறதுக்கு அது வசதி. நீங்க சொல்லுக செவரு அப்பம் இல்ல."

"மதிலுக்கும் இப்ப இருக்கிய செவருக்கும் நல்ல தூரம் உண்டு," என்றான் ஸ்டெனி.

"அப்பம் செவரு தப்பா இருக்கும்." அவர் என்னைப் பார்த்தார். "ஒங்க ஆளு யாராவது உண்டா பிள்ள?"

"தம்பி."

எதிரே யாரோ ஒரு டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஃபாதரிடம் போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கதவைச் சாத்தினார்.

"ரெஜி, இத வேற ஆருக்கிட்ட சொன்ன?"

"ஸ்டெனிக்குத் தெரியும். அவ்வளவுதான்."

"அவியளுக்கு அது சமாதானம் தந்த எடம். நான் வருசா வருசம் தீர்த்தம் தெளிச்ச எடம். இப்பம் போய் உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லுவியா? அதவிட, அங்க மீன் போடுதாவளே, அத எப்படி சொல்லுவ? கொஞ்சம் நெனச்சுப் பாரு."

"பேசாம விட்டா செப்டிக் டேங்குக்குக் குழி பறிச்சிருவாவ ஃபாதர்."

"அதுக்குத்தான் நீ இருக்க. படத்துல கழிப்பறைய கோயிலுக்குப் பின்னால மாத்து. தண்ணிமட்டம் சரியில்லன்னு எழுது. குழி வேண்டாம், அந்த எடத்துல செடி வை. ஆருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம், ஆருக்கும் ஒண்ணும் ஆகாது."

இது கோழைத்தனமான யோசனை என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. அவர் அந்தப் பெண்களைப் பற்றித்தான் யோசித்தார். வீட்டுக்கு வந்து அப்படியே வரைந்தேன். பள்ளத்தின்மேல் செடிகள் போட்டேன். நல்ல படம். சென்னையில் வழிகாட்டிப் பேராசிரியைகூடப் பாராட்டினார். செடிகள் ஏன் அவ்வளவு நேரான செவ்வகமாக இருக்கின்றன என்று மட்டும் கேட்டார். மதிலோடு பொருந்துவதற்காக என்றேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் ஊர்க்கூட்டத்தில் படத்தை மாட்டினார்கள். கழிப்பறை இடம் மாறியதைச் சொன்னதும் பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. எழுந்தது என் அம்மா. ஊரில் எல்லாருக்கும் அவளைத் தெரியும், இசபெல் என்று பெயர் சொன்னால் போதும், மீன் சந்தையில் வழி விடுவார்கள்.

"ஃபாதர், ஒண்ணு கேக்கட்டா? வெடியக்காலத்துலருந்து உச்சிவர வெயில்ல நிக்கியது ஆரு? நாங்க. முள்ளுக்குள்ள ஒதுங்கியது ஆரு? நாங்க. கக்கூஸ் கோயிலுக்குப் பின்னால எதுக்கு, பூசைக்கு வாறவியளுக்கா? அவிய வீட்டுலருந்து போயிட்டுத்தான வாறாவ!"

கூட்டம் சிரித்தது.

"அங்க தண்ணிமட்டம் சரியில்ல..." என்று நான் தொடங்கினேன்.

"ஏட்டி, நீ பேசாத. நீ சென்னைல மாடி ரூம்புல குளிச்சுட்டுப் படிக்கிய. தண்ணிமட்டமா? அந்தத் தோப்புக் கெணத்துல தண்ணி எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? ஃபாதர், எனக்க மோளு வரஞ்சது தப்பு. நானே சொல்லுதேன். பழைய எடத்துலயே கெட்டணும்."

சகாயசெல்வி மாமி கையைத் தூக்கினாள். எல்லாப் பெண்களும் தூக்கினார்கள். நான் ஃபாதரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். திங்கட்கிழமை குழி தொடங்குவதாக முடிவாயிற்று.

அன்று மத்தியானம் வீட்டு முற்றத்தில் அம்மா அரிவாள்மணையில் சாளை வெட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஜெயித்த களிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"கோவமா?" என்றாள். "நீ நல்லா வரஞ்சிருக்க. கக்கூஸ் மட்டும் தப்பு. மத்ததெல்லாம் கொள்ளாம்."

நான் முற்றத்து மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன மோளே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பேசாமலிருப்பது எல்லாருக்கும் பழகியதுதான், ஆனால் இது வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெட்டிய கை நின்றது.

"அங்க தோண்டப்பிடாதும்மா," என்றேன்.

"எதுக்கு?"

"பிள்ளையளு அங்கதான் கெடக்குவ. செவரு தப்பா கெட்டினது. குழி மதில ஒட்டி."

அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். இரண்டு மீன், மூன்று மீன். செதிலை வழித்துத் தள்ளினாள். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

"நெத்தலி போடுக எடமா?"

"ஆமா."

"முழுசுமா?"

"ஆமா."

"ஆரு சொன்னா?"

மண் தாழ்ந்திருப்பதையும் ஜேசிபிக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டாள். பின் எழுந்து கை கழுவினாள். நெடுநேரம், சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் அதுமேல நடந்தேனே," என்றாள். "செருப்புப் போட்டா மீனுல மண்ணு ஒட்டும்னு வெறுங்கால்ல நடந்தேன். நாய் வந்தா கல்லெடுத்து எறிஞ்சேன்."

நான் கையைப் பிடிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"எத்தன நாளா தெரியும் ஒனக்கு?"

"கொஞ்ச நாளா."

"படம் வரஞ்சப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"என்ன அவ்வளவு பேரு முன்னுக்க எந்திச்சுப் பேச விட்டுட்ட."

அதற்குமேல் அன்று அவள் என்னிடம் பேசவில்லை. கடலுக்குப் போகும் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார்.

திங்கட்கிழமை நான் போனபோது அம்மா எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். குழி பறிக்க வந்தவர்கள் தோப்பு நிழலில் நின்றிருந்தார்கள். அம்மா மதிலின் அந்தப் பக்கம், தோப்புக்குள், நின்றுகொண்டு ஒவ்வொரு பெண்ணாக வரவர நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடையோடு வந்த குளோரி அக்கா அப்படியே உட்கார்ந்தாள். யாரோ ஓங்கி அழுதார்கள். சகாயசெல்வி மாமி அழவில்லை.

"ஏ இசபெல், ஒனக்க மோளு படிச்ச படிப்ப எனக்க பிள்ளையளுக்க மேல காட்டாண்டாம். நான் எனக்க கையால குவிச்ச மண்ணு எனக்குத் தெரியும். அதுவ செவருக்கு உள்ளதான் இருக்குவ."

"நானும் அப்படித்தான் இருந்தேன்," என்றாள் அம்மா.

"நீ இப்பமும் அப்படியே இருந்திருக்கலாமே. எங்கக்கிட்ட எதுக்குச் சொன்ன?"

அம்மா குழி பறிக்க வந்தவர்களின் கடப்பாரையைக் காட்டினாள். மாமி அதைப் பார்த்தாள். பிறகு தன் வலையைச் சுருட்டி எடுத்தாள். எடுப்பதற்குப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் சுவருக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று சொன்னவள், பள்ளத்தின் விளிம்பிலேயே நின்று, கை நீட்டி, எட்டாமல், கடைசியில் மண்டியிட்டு இழுத்தாள்.

அன்று யாரும் தோண்டவில்லை.

அதற்குப்பின் என் ஆய்வுக்கு வரைய ஒன்றும் இருக்கவில்லை. மழைத்தண்ணீர் பள்ளத்துக்குள் வராமல் வேறு பக்கம் திருப்புவதற்கு ஒரு சிறு வாய்க்கால் போட்டேன். எருக்கை விட்டேன். சுவரையும் அதற்குள் இருந்த தெருவையும் அப்படியே விட்டேன். நடைபாதை, மேடை, பெயர்ப்பலகை, எல்லாவற்றையும் அழித்தேன். தேர்வுக் குழுவில் ஒருவர், "வடிவமைப்பு எங்கே?" என்று கேட்டார். நான் தாளில் அந்த வாய்க்காலைக் காட்டினேன். பேராசிரியைதான் அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

அந்த வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி பாதிக் குடும்பங்கள் சுவருக்குள் மேடு பிடித்தன. மற்றவர்கள் பள்ளத்தைச் சுற்றி மெழுகுதிரி வைத்தார்கள், மேடு பிடிக்கவில்லை. ஃபாதர் இரண்டு இடத்திலும் தீர்த்தம் தெளித்தார். அம்மா எப்போதும்போல உள்ளே, குளோரி அக்காவின் மகளுக்கு அடுத்த இடத்தில், சிஜோவின் நீளத்துக்கு மணலைக் குவித்தாள். நாலாம் வகுப்புப் பையனின் நீளம். சிப்பி பதித்து முடித்ததும் வெளியே வந்து பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. அங்கே அவள் எதுவும் ஏற்றவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை.

நினைவிடம் கட்டப்படவில்லை, உதவி வேறு ஊருக்குப் போனது. கழிப்பறை மட்டும் பின்னர் ஊர்ச் செலவில் சாலையோரத்தில் வந்தது, பெண்கள் இப்போது நெத்தலியை அந்தச் சாலையில் காயப்போடுகிறார்கள். பள்ளத்தைச் சுற்றி ஆண்கள் கருங்கல் வரிசை ஒன்று வைத்தார்கள். ஃபாதர் மலைப்பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். ஸ்டெனி தோகாவில் சாலை வேலையில் இருக்கிறான். வைகுண்டராஜன் வண்டியை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சகாயசெல்வி மாமி இரண்டாயிரத்துப் பதினைந்தில் இறந்தாள், ஊர்க் கல்லறையில் அடக்கினோம், கடைசிவரை சுவருக்குள்தான் மேடு பிடித்தாள். அப்பா கடலுக்குப் போவதில்லை. நான் குறைந்த மதிப்பெண்ணோடு தேறி, பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் புல்வெளி வரைந்து கொடுக்கிறேன். அம்மா என்னோடு பேசுகிறாள். சந்தைக்கும் போகிறாள். பச்சை மீன் மட்டும் விற்கிறாள்.